சிவப்பு பல்புக்குப் போட்ட மாலை

என் தம்பிக்கு நான் மூக்குத்தி. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தன் மூக்கின் ஓரத்தில் ஒரு திருகு திருகுவான். அவன் கையில் என் பேர் அதுதான். பிறந்ததிலிருந்தே அவனுக்குக் காது கேட்காது. கேட்காத பிள்ளைக்குப் பேச்சு எங்கிருந்து வரும்? ஆனால் அவன் பேசாதவன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். நாள் முழுக்கப் பேசுவான், கையால். அம்மாவுக்கு நெற்றியில் நாமக்கோடு. அப்பாவுக்கு விரலில் நார் சுற்றுவது. எதிர்வீட்டு மாமிக்கு ஐந்து விரலும் கோழி மூக்கு மாதிரி சேர்ந்து சேர்ந்து கொத்தும். அவள் வாயாடி என்பது காது கேட்காதவனுக்கு எப்படித் தெரிந்தது என்று தெருவே சிரித்தது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அந்தக் கைதான் அவனுக்கு வாய். அது தெரியாமல் மற்றதைக் கேட்டால், ஏதோ பட்டறையில் ஒருத்தனுக்கு விரல் போன கதை, ஊரில் நடக்காததா என்று எழுந்து போய்விடுவீர்கள்.

திருவள்ளூரில் பெருமாள் கோயிலுக்குப் பூக்கட்டுகிற குடும்பம் எங்களுடையது. அப்பா இருந்தவரை தம்பி அவர் பக்கத்தில் உட்கார்ந்து கட்டினான். துளசியும் சாமந்தியும் வைத்து அவன் கட்டிய மாலையில் ஊசி நுழைய இடமிருக்காது, அவ்வளவு நெருக்கம். அப்பா போன பிறகு கோயில் முறை சித்தப்பாவுக்குப் போனது. தம்பிக்கு ஏன் இல்லை என்று கேட்டதற்கு, மாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறவன் வாய் திறந்து நாமம் சொல்ல வேண்டும், இவனுக்குக் காதும் இல்லை வாயும் இல்லை என்றார்கள். மாலை கட்டியது இவன், மரியாதை வாங்கியது சித்தப்பா.

"வருஷக்கணக்கா வேண்டிக்கிறோம், பெருமாளுக்கும்தான் காது கேக்கல. அவர வேலைய விட்டு நிறுத்திட்டீங்களா?" என்று நான் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அம்மா என் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். தம்பிக்கு என்ன நடந்தது என்று புரியவில்லை. சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து, எதிர்வீட்டு மாமியின் பேரைக் காட்டினான். நீயும் அவள்தான் என்று அர்த்தம். அவனுக்கு எப்போதும் கிண்டல்தான்.

அறுபதுகளின் நடுவில் கல்யாணமாகிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்தேன். எங்கள் வீட்டுக்காரர் ரயில்வேயில் கேட்கீப்பர். தண்டவாளத்தை ஒட்டிக் குவார்ட்டர்ஸ். கரி இன்ஜின் போகும்போதெல்லாம் வீட்டுப் பாத்திரம் தானாகப் பேசும். வந்த ஒரு வருஷத்தில் தம்பியையும் அழைத்துக்கொண்டேன். சித்தப்பாவுக்குப் பூக்கட்டிக் கொடுத்தே அவன் காலம் போய்விடக் கூடாது என்று எனக்குப் பிடிவாதம்.

ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டறை இருந்தது. கதவுக்குக் கீல், தாழ்ப்பாள் செய்வார்கள். உள்ளே ஒரே மோட்டார். மேலே நீளமாக ஓர் இரும்புத் தண்டு, அதிலிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு பெல்ட்டு. மோட்டார் ஓடினால் எல்லாம் ஓடும், நின்றால் எல்லாம் நிற்கும். தம்பியைக் கையோடு கூட்டிக்கொண்டு நேரே முதலாளி முன்னால் போய் நின்றேன். தங்க ஃபிரேம் கண்ணாடி, தெலுங்கு கலந்த தமிழ். கெட்ட மனிதர் இல்லை. பக்கத்தில் மேஸ்திரி, மீசை முறுக்கினவர்.

மேஸ்திரிதான் முதலில் வாயைத் திறந்தார். "யம்மா, பையன் சுறுசுறுப்பாத்தான் கீறான். ஆனா இங்க கரண்டு போவும், வரும். போச்சுன்னா எல்லாரும் மிஷினுக்குள்ள கைய வுட்டுத் தூசி தட்டிக்கினு இருப்பானுங்க. வந்திச்சுன்னா நான் விசிலு அடிப்பேன், கைய எடுத்துக்குவானுங்க, அப்பால மெயினு போடுவேன். இவனுக்கு விசிலு கேக்குமா? கைய உள்ள வச்சிக்கினு இருந்தான்னா இன்னா ஆவறது? நமக்கு எதுக்கும்மா இந்த பேஜாரு?"

கூட வந்திருந்த அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "வாடி போலாம். கை போச்சுன்னா இவனுக்கு வாயும் போச்சு. வேணாம்."

எனக்கு அதே பயம் இருந்தது. ஆனால் பயந்த மாதிரி காட்டிக்கொண்டால் அங்கேயே முடிந்தது. "ஐயா, ரயில் ஓடுதே, கார்டு போயி டிரைவர் காதுலயா சொல்றாரு, கெளம்பு நைனான்னு? கொடியக் காட்டுறாரு. டிரைவர் அதப் பாத்துட்டுப் பதிலுக்குக் காட்டுறாரு. அப்பறம்தான் வண்டி நகருது. அவ்ளோ பெரிய ரயிலே காத நம்பி ஓடல, கண்ண நம்பித்தான் ஓடுது. உங்க மிஷினு ரயில விடப் பெரிசா?" என்றேன்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். "இன்னா வாய்டா சாமி" என்றார் மேஸ்திரி.

அப்படித்தான் அந்தப் பல்பு வந்தது. தம்பியின் மிஷினுக்கு எதிரே ஒரு மரக்கம்பத்தில் சிவப்பு பல்பு. கரண்டு வந்ததும் மேஸ்திரி முதலில் அந்த ஸ்விட்சைத் தட்டுவார். பல்பு எரிந்தால் தம்பி வேலையை விட்டுவிட்டு வலது கையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். விசில் மற்றவர்களுக்கு. இவன் தூக்கின கையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மெயின். இவ்வளவுதான். இதற்குப் பெரிய படிப்போ செலவோ ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. யாராவது ஒருத்தர் ஒரு நிமிஷம் நின்று யோசிக்க வேண்டியிருந்தது, அதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்த ஏற்பாடு பல வருஷம் பிசகாமல் நடந்தது. மிஷின் ஓடும்போது அந்தப் பட்டறையில் எல்லாருமே செவிடர்கள்தான், ஒருத்தர் கத்துவது ஒருத்தருக்குக் கேட்காது. கொஞ்ச நாளில் அத்தனை பேரும் தம்பியின் பாஷையைப் பிடித்துக்கொண்டார்கள். டீ வந்ததா, தகடு தீர்ந்ததா, முதலாளி வருகிறாரா, எல்லாம் கையால். முதலாளிக்கு மூக்கில் கண்ணாடி ஏற்றுவது, மேஸ்திரிக்கு மீசை. மேஸ்திரியே ஒரு நாள் கேட்டுக்கு வந்து, எங்கள் வீட்டுக்காரரிடம் மீசையை முறுக்கிக் காட்டி, "நானு வந்துட்டுப் போனேன்னு உம் மச்சான்கிட்ட சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊரில் இது பரவியது. கைகால் சரியில்லாத பிள்ளையை வைத்துக்கொண்டிருந்தவர்கள் "கேட்டு வூட்டு அம்மா" என்று என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். மாற்றுத்திறனாளி என்கிற வார்த்தையெல்லாம் அப்போது பிறக்கவில்லை. செவிடு, நொண்டி, ஊமை என்றுதான் பெற்றவர்களே சொல்வார்கள், நான் திட்டுவேன். கவரப்பேட்டைப் பக்கம் ஓர் அரிசி மில்லுக்கு, காலில் போலியோ வந்த ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு போனேன். சாக்குத் தைக்கிற வேலை. கால்வாயைத் தாண்ட ஒரு பலகை, சாக்குக் கட்டை அவள் கை எட்டும் உயரத்தில் வைப்பது, அவ்வளவுதான் கேட்டேன். மில்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கீல் பட்டறையில் விசாரித்தார். அங்கே செவிட்டுப் பையன் நன்றாகத்தான் வேலை செய்கிறான் என்று சொன்ன பிறகுதான் பலகை போட்டார். என் தம்பியைக் காட்டித்தான் நான் எல்லாரிடமும் பேசினேன். வேறு சாட்சி என்னிடம் இல்லை.

அப்புறம் அந்த ஆயுத பூஜை வந்தது. எழுபதுகள் தொடங்கிவிட்டன.

பட்டறைகளில் ஆயுத பூஜை எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு நாள் முன்னாலேயே தண்ணீர் அடித்துக் கழுவுவார்கள். சுத்தியல், ஸ்பானர், எண்ணெய்க் குப்பி, பெருக்குகிற துடைப்பம் வரைக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. அன்றைக்கு மிஷின் ஓடக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து, முதலாளி தன் கையால் மெயின் போட வேண்டும். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் கை அதில் படும். போட்ட மாலையை எடுக்காமல், மாலையோடுதான் மிஷின் முதல் ஓட்டம் ஓட வேண்டும். அது அவர்கள் வழக்கம்.

தம்பி அந்த வருஷம் எல்லா மிஷினுக்கும் தானே மாலை கட்டுவதாகச் சொன்னான். அம்மா திருவள்ளூரிலிருந்து கூடை கூடையாகச் சாமந்தியும் துளசியும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பட்டறை வாசலில் உட்கார்ந்து கட்டினான். கோயில் அவனை வேண்டாம் என்ற பிறகு, தன் கையால் கட்டித் தன் கையால் சாமிக்குப் போடுகிற முதல் மாலை அது. எல்லா மாலையையும் கட்டி முடித்துவிட்டு, கடைசியாக ஒன்று கட்டினான். மற்றதைவிடப் பருமனாக, நெருக்கமாக. அதை எடுத்துக்கொண்டு போய்க் கம்பத்தில் ஏறி, சிவப்பு பல்புக்குப் போட்டான்.

எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டுவது அவனுக்குக் கேட்காது, பார்த்தான், சிரித்தான். அவனைப் பொறுத்தவரை அந்தப் பல்புதான் சாமி. தன் கையைக் காப்பாற்றுகிற சாமி. மேஸ்திரி பல்பின் மேலேயே சந்தனத்தைக் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்தார். நானும் பொரிகடலை வாங்கிக்கொண்டு வாசலில் நின்று பார்த்தேன். அழகாக இருந்தது. எரியாத பல்பு, பூஜை நாள், யாருக்கு என்ன தோன்றும்? ஒருத்தருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் நடந்ததை மேஸ்திரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் அதை எத்தனையோ தடவை சொல்லிவிட்டார், நான் கேட்காதபோதும் சொன்னார். நல்ல நேரம் முடியப் போகிறது, ராகு காலம் வந்துவிடும் என்று புரோகிதர் அவசரப்படுத்தினார். முதலாளி மெயின் பக்கம் போனார். மேஸ்திரி முறைப்படி பல்பு ஸ்விட்சைத் தட்டினார், விசில் அடித்தார். அந்த நேரத்தில் தம்பியின் மிஷினிலிருந்த மாலையிலிருந்து ஒரு சாமந்தி உதிர்ந்து பல் சக்கரத்துக்கு நடுவில் விழுந்தது. சாமிக்குப் போட்ட பூ நசுங்கக் கூடாது என்று அதை எடுக்கக் கையை விட்டான். விட்டுக்கொண்டே நிமிர்ந்து பல்பைப் பார்த்தானாம். பார்த்தான் என்று மேஸ்திரி சத்தியம் செய்தார். அங்கே மாலைதான் இருந்தது.

முதலாளிக்கு விசில் கேட்டது. அவருக்கு அது போதும். தூக்கின கையைப் பார்க்க வேண்டும் என்பது தினமும் மெயின் போடுகிறவனுக்குத்தான் பழக்கம், வருஷத்துக்கு ஒரு நாள் போடுகிறவருக்கு இல்லை. கற்பூரம் காட்டினார்கள், போட்டார்.

நான் ஓடிப் போனபோது மோட்டாரை நிறுத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்திருந்தார்கள். தம்பியை அதற்குள் ஒரு லாரியில் ஏற்றியிருந்தார்கள். எதை எடுக்க உள்ளே போனேன் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை, போனேன். ஆள் இல்லாத பட்டறை. துளசி வாசனையும் மிஷின் எண்ணெய் வாசனையும் கலந்து வந்தது. பல்பை யாரும் அணைக்கவில்லை. கிட்டப் போய் அண்ணாந்து பார்த்தால்தான் தெரிந்தது, அந்த மாலைக்குள் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது, நீறு பூத்த நெருப்பாக. எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ஐயோ, அவன் கட்டின நெருக்கம் அப்படி!

அந்தச் சிவப்பை நான் அதற்கப்புறம் பார்க்காத நாள் இல்லை. எங்கள் வீட்டு வாசலிலேயே ரயில்வே சிவப்பு விளக்கு. பொழுது சாய்ந்தால் எங்கள் வீட்டுக்காரர் அதை ஏற்றுவார். கொஞ்ச நாள் நான் ஜன்னலைச் சாத்தி வைத்தேன். சாத்தினால் மட்டும் என்ன, இடுக்கு வழியாக வந்தது.

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடு விரலும் போய்விட்டன. பூக்கட்டுவதும் அந்த இரண்டு விரலில்தான், பேசுவதும் அந்த இரண்டு விரலில்தான். மதராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் கை முழுக்கத் துணி சுற்றி வைத்திருந்தார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருத்தர், "உசுரு தப்பிச்சுதே, தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சுன்னு நெனச்சுக்கோம்மா" என்றார். "உங்க நாக்க அறுத்துட்டு, தலப்பா போச்சுன்னு நான் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். அவர் கொண்டுவந்த பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். இடது கை நன்றாகத்தான் இருந்தது, அதையும் தம்பி அசைக்கவில்லை. பசிக்கிறதா என்று காட்டினால் சுவரைப் பார்த்தான். அவன் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் அப்படி ஒரு நிசப்தம் இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்து கட்டுப் பிரித்த நாள். நான் அடுப்படியில் இருந்தேன். அவன் என் பக்கம் திரும்பி வலது கையை மூக்கருகே கொண்டு போனான், என்னைக் கூப்பிட. கட்டை விரல் மட்டும் தனியாகப் போய் மூக்கில் தொட்டது. சேர்வதற்கு ஒன்றும் வரவில்லை. அந்தக் கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான், வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல. அம்மா புடவையால் வாயை அடைத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். நான் போகவில்லை. "இன்னாடா, இங்கதான் கீறேன், சொல்லு" என்றேன், அவனுக்குக் கேட்காது என்று தெரிந்தும்.

அதற்கப்புறம் ஒன்று ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இடது கையால் வலது கைக்கு முன்னால் இருக்கிற காற்றைச் சொறிவான். விரல் இருந்த இடத்தில். சில சமயம் நெட்டி முறிப்பான். இல்லாத விரலை வளைத்து, மடக்கி, முறிப்பான். முறிந்ததும் முகம் தெளியும். பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சத்தம் கேட்ட மாதிரியே இருக்கும். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரி "காத்து கருப்பு பட்டிருக்குது அக்கா, மந்திரிச்சிடு" என்றாள். அம்மா தாயத்து வாங்கிக் கட்டினாள். தாயத்து கட்டின கையாலேயே காற்றைச் சொறிந்தான்.

பட்டறையில் அதற்குள் பஞ்சாயத்து நடந்தது. மேஸ்திரி முதலாளியைச் சொன்னார், கையைப் பார்க்காமல் மெயின் போட்டது யார் என்று. முதலாளி, முறைப்படி பல்பு எரிந்ததா இல்லையா என்றார். நடுவில் ஒருத்தன், "மாலைய கட்டிப் போட்டது யாரு? அவனேதானே?" என்றானாம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எனக்கு யார் மேல் பழி என்று தெரிந்து என்ன ஆகப் போகிறது? பல்பை வைத்தவர்களும் நல்லவர்கள், மாலை போட்டவனும் நல்லவன். நல்லவர்கள் எல்லாம் சேர்ந்து சாமி கும்பிட்டார்கள், விரல் போய்விட்டது. கெட்டவன் ஒருத்தன் இருந்திருந்தால் அவனைத் திட்டியாவது ஆறியிருப்பேன்.

ஒரு மாதம் போயிருக்கும். கவரப்பேட்டை மில்லில் சாக்குத் தைத்த பெண் கோலை ஊன்றிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். "கீல் பட்டறையில என்னாச்சுன்னு பாத்தியா, நமக்கு எதுக்கு வம்பு" என்றாராம் மில்காரர். பலகையையும் எடுத்துவிட்டார்கள் என்றாள். சாக்குத் தைக்கிற ஊசிக்கும் மிஷினுக்கும் என்னடி சம்பந்தம் என்று அவளிடம் கத்தினேன். அவள் என்ன செய்வாள் பாவம்.

உள்ளே தம்பி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண்ணின் காலைக் காட்டினான், கோலைக் காட்டினான், என்ன என்று முகத்தால் கேட்டான். நான் சொன்னேன். பார்த்துவிட்டு எழுந்து சட்டையை எடுத்து மாட்டினான். பட்டறைக்குப் போட்டுக்கொண்டு போகிற காக்கிச் சட்டை. பொத்தான் போட இடது கை திணறியது, நான் கிட்டப் போனதும் முறைத்தான். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவன் தானாகச் செய்த முதல் காரியம் அது.

முதலாளி எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். தம்பி வீட்டிலேயே இருக்கட்டும், மாதா மாதம் சேர வேண்டியது வீடு தேடி வரும் என்றார். நான் வேலை கேட்டேன்.

"ஏம்மா, நானு அந்தக் கையப் பாக்க முடியாதும்மா" என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "கண்ண மூடினா அந்த மெயினுதான். தூக்கமே இல்ல. தெனம் அவன் வந்து எதிர்ல நின்னா நானு எப்பிடிம்மா?"

எனக்கும் தூக்கம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நீங்க பாக்கணும் ஐயா. பாக்காமதான் போச்சு. வூட்டுக்கு அனுப்பிட்டா உங்களுக்குக் கண்ணுல படாது, அவ்ளோதான? நீங்க அவன வூட்டுல ஒக்கார வச்சா, இந்த லைன்ல ஒரு மொதலாளி இனிமே இப்பிடிப் புள்ளைக்கி வேல குடுப்பாரா? மில்லுல பலகைய எடுத்துட்டாங்க, தெரியுமா உங்களுக்கு?" என்றேன்.

மேஸ்திரிதான், "பல்ப நம்பி இன்னொரு தபா வுட முடியாதும்மா" என்றார்.

அதை நான் ஒரு மாதமாக யோசித்துவிட்டுத்தான் போயிருந்தேன். எங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு சாவி உண்டு. கேட்டைச் சாத்திப் பூட்டினால்தான் அந்தச் சாவி வெளியே வரும், அந்தச் சாவி சிக்னல் பெட்டியில் போய்ச் சேர்ந்தால்தான் ரயிலுக்கு சிக்னல் விழும். கேட் திறந்திருக்க ரயில் வரவே வராது, யார் மறந்தாலும். அதைத்தான் சொன்னேன். மெயினுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு பூட்டு, சாவி ஒன்றே ஒன்று. மிஷின் நின்றதும் பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட வேண்டும். பல்பு எரிந்ததும், கை தூக்குவதற்குப் பதில் அவன் வந்து சாவியைத் தர வேண்டும். விளக்கைப் பார்க்காமல் போகலாம், சாவி இல்லாமல் மெயின் எப்படிப் போடுவது? பல் சக்கரத்துக்கெல்லாம் தகடு மூடி போட வேண்டும். பல்புக்குக் கம்பிக் கூண்டு, பூ நுழையாத மாதிரி.

"சாவிய யாரு கையில குடுக்கணும்?" என்று முதலாளி கேட்டார்.

"மெயினு போடறவங்க கையில. விஜயதசமின்னா உங்க கையில" என்றேன்.

மூடி அடித்தார்கள், கூண்டு அடித்தார்கள், பெட்டி வந்தது. தம்பி திரும்பிப் போன அன்றைக்கு நானும் வாசலில் நின்றேன். மெயின் போட முதலாளியே வந்திருந்தார், யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கூண்டுக்குள் பல்பு எரிந்தது. தம்பி மிஷினை விட்டு வந்து, இடுப்பிலிருந்து சாவியை எடுத்தான். இடது கையால் எடுத்து வலது கையில் வைத்துக்கொண்டு நீட்டினான். வேண்டுமென்றேதான் நீட்டினான், எனக்குத் தெரியும். முதலாளி அந்தக் கையைப் பார்த்தார். அதிலிருந்து சாவியை எடுக்க அவர் விரல் அந்தத் தழும்பின் மேல் பட்டாக வேண்டும். பட்டது. சாவியோடு சேர்த்து அந்தக் கையையும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் பெட்டியைத் திறந்து மெயினைப் போட்டார், எல்லாப் பெல்ட்டும் ஓடியது. கொஞ்ச நாள் கழித்து மில்காரர் பட்டறைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார், பலகை திரும்பி வந்தது. அந்தப் பட்டறையில் பிறகு இன்னும் இரண்டு காது கேட்காத பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஆயுத பூஜைக்குப் பொரிகடலை வீட்டுக்கு வந்துவிடும். நான் போவதில்லை.

ஆனால் என் பேர் மட்டும் ஆறவில்லை. தம்பி மெதுவாகப் பேச்சைத் திரும்பப் பிடித்துக்கொண்டான். எல்லாரையும் இடது கைக்கு மாற்றிவிட்டான், அம்மா, முதலாளி, மேஸ்திரி, எதிர்வீட்டு மாமிகூட. என்னை மட்டும் வலது கையால்தான் கூப்பிட்டான். கட்டை விரல் தனியாகப் போய் மூக்கில் தொடும், பக்கத்தில் ஒன்றுமில்லாமல் ஒரு திருகு திருகும். ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தப் பட்டறை, அந்த மாலை, உள்ளே எரிந்த சிவப்பு. பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். காது கேட்காதவனுக்கு அக்கா கண் தெரியாதவளாகிவிட்டாள்.

ஒரு நாள் மத்தியானம் கேட் சாத்தியிருந்தது. எங்கள் வீட்டுக்காரர் கொடியோடு நின்றார். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். தம்பி சாப்பிட வந்தவன், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைக் கூப்பிட்டான், அதே கையால். எனக்குப் பொறுக்கவில்லை. இந்தக் கையில் கூப்பிடாதே, அந்தக் கையில் கூப்பிடு, அதில் எல்லா விரலும் இருக்கிறதே என்று இரண்டு கையாலும் கத்தினேன். அழுதுகொண்டே கத்தினேன்.

ரயில் குறுக்கே போனது. போய் முடிந்ததும் அவன் தண்டவாளத்தைத் தாண்டி வந்தான். வலது கையை என் முகத்துக்கு முன்னால் நீட்டி, இல்லாத இரண்டு விரலையும் இடது கையால் நுனி வரை தடவிக் காட்டினான். இருக்கிறது என்றான். எனக்குத் தெரிகிறது, மடங்குகிறது, அரிக்கிறது, வலிக்கிறது, இருக்கிறது என்றான். இல்லை என்று நான் தலையாட்டினேன்.

தூரத்தில் போய்க்கொண்டிருந்த ரயிலைக் காட்டினான். தன் காதைக் காட்டினான். சத்தம் இருக்கிறது என்று நீங்கள் எல்லாரும் சொல்கிறீர்கள், என்றான் கையால். நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நீ சொன்னாய், நம்பினேன். இது இருக்கிறது என்று நான் சொல்கிறேன். நீ நம்பு.

அப்புறம் அந்தக் கையைத் தன் மூக்குக்குக் கொண்டு போகாமல் என் மூக்குக்குக் கொண்டு வந்தான். மூக்குத்தியின் ஒரு பக்கம் அவன் கட்டை விரல் பட்டது. மறுபக்கம் ஒன்றும் இல்லை, வெறும் காற்று. திருகினான். பெருமாள் சாட்சியாகச் சொல்கிறேன், மூக்குத்தி திரும்பியது.